29 இல்லாத ஆட்டங்கள்: நைலாண்டர் ஒப்பந்த நாட்குறிப்பு

அக்டோபர் 3, 2018, புதன்

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்-லில், மாண்ட்ரியாலை ஓவர்டைமில் 3-2 என்று வென்று டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் சீசனைத் தொடங்கிவிட்டது. தவாரெஸ் புது ஜெர்ஸியில் கோல் போட்டார், வெற்றிக் கோல் மேத்யூஸுடையது. ஆனாலும் ஆட்டம் முடிந்து வெளியே வருகிறவர்களின் வாயில் இருப்பது ஆடாதவரின் பெயர்தான். ஜெர்ஸி எண் 29, வில்லியம் நைலாண்டர், சுவீடனில் இருக்கிறார், ஒப்பந்தம் இல்லை.

முதலில் அவர் நிலை என்ன என்பது தெளிவாக வேண்டும், ஏனென்றால் "வேறு அணிக்குப் போகட்டுமே" என்று சொல்கிறவர்கள் அதைத்தான் தவறவிடுகிறார்கள். 3 ஆண்டு அறிமுக ஒப்பந்தம் ஜூன் 30-ல் முடிந்தது. வயது 22. கட்டுப்பாடுள்ள ஃப்ரீ ஏஜென்ட், அதாவது உரிமை டொராண்டோவிடம். சம்பளத்தை மத்தியஸ்தரிடம் கொண்டுபோகும் வழியும் அவருக்கு இல்லை. 18 வயதில் கையெழுத்திட்டவருக்கு அந்த உரிமை வர 4 தொழில்முறை சீசன் ஆக வேண்டும், இவருக்கு அது ஆகவில்லை. ஆக இவர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம், வராமல் இருப்பது.

கடந்த 2 சீசனிலும் தலா 61 புள்ளி (கோலும் கோலுக்கு உதவிய அசிஸ்டும் சேர்த்து). இந்த மாதிரி ஆட்டக்காரருக்கு என்ன விலை? ரசிகர்கள் இரண்டு பெயரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார்கள். பாஸ்டனின் பாஸ்ட்ர்னாக், ஆண்டுக்கு 6.67 மில்லியன் டாலர். எட்மண்டனின் ட்ரைசைட்ல், 8.5 மில்லியன். இரண்டுமே போன ஆண்டு போட்டவை. அப்போது சம்பள கேப், அதாவது ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பு, 75 மில்லியன், இப்போது 79.5. அதனால் டாலரை நேராக ஒப்பிட்டால் கணக்கு தப்பும், கேப்பில் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். பாஸ்ட்ர்னாக் 8.9 சதவீதம், இன்றைய கேப்பில் அது ஏறக்குறைய 7.07 மில்லியன். ட்ரைசைட்ல் 11.3 சதவீதம், இன்று 9 மில்லியன். ட்ரைசைட்ல் நடுவில் ஆடும் சென்டர், ஒப்பந்தத்துக்கு முந்தைய சீசனில் 77 புள்ளி எடுத்தவர். நைலாண்டர் ஓரத்தில் ஆடும் விங்கர். எனக்கு 7-ஐ ஒட்டித்தான் முடியும் என்று படுகிறது.

அக்டோபர் 28, ஞாயிறு

நேற்று வின்னிபெக் ஆட்டத்தில் மேத்யூஸுக்குத் தோளில் அடி. குறைந்தது 4 வாரம் இல்லை. உடனே ஒரு கூச்சல்: "இப்பவாவது கேட்கிறதைக் கொடுத்து நைலாண்டரைக் கூப்பிடுங்க!"

அவசரத்தில் வாங்கும் பொருளுக்கு விலை அதிகம். 4 வார ஓட்டையை அடைக்க 6 ஆண்டுச் செலவை ஏற்ற முடியாது. கைல் டுபாஸ் ஜெனரல் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து 6 மாதம்கூட ஆகவில்லை. அடுத்த கோடையில் மேத்யூஸ், மார்னர் இருவருக்கும் ஒப்பந்தம் போட வேண்டும். இங்கே அசைந்தால் அந்த இரண்டு ஏஜென்ட்களும் குறித்து வைத்துக்கொள்வார்கள்.

மேத்யூஸின் பக்கத்தில் நைலாண்டர் ஆடிய இடத்துக்கு கப்பனென் ஏறியிருக்கிறார். வேகம் இருக்கிறது, எதிரணியிடமிருந்து பக்கை (ஆட்ட வட்டை) பிடுங்குகிறார். ஆனால் எதிரணியின் பகுதி தொடங்கும் நீலக்கோட்டைப் பக்கைக் கையில் வைத்துக்கொண்டே கடப்பது நைலாண்டரின் கைவேலை. கப்பனென் பல நேரம் பக்கை உள்ளே அடித்துவிட்டுத் துரத்துகிறார். துரத்திப் பிடிக்க வேகம் இருப்பதால் இப்போதைக்கு ஓடுகிறது.

நவம்பர் 13, செவ்வாய்

"வேறு அணி ஏன் ஆஃபர் ஷீட் போடவில்லை?" தினம் ஒருவராவது கேட்கிறார். அதாவது, இன்னோர் அணி அவருக்கு நேராக ஒப்பந்தம் நீட்டுவது.

போடலாம், சட்டம் இடம் தருகிறது. நைலாண்டர் அதில் கையெழுத்திட்டால் டொராண்டோவுக்கு 7 நாள் அவகாசம். அதே தொகையை ஏற்று வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் விட்டுவிட்டு அந்த அணியின் டிராஃப்ட் தேர்வுகளை (இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளை) வாங்கிக்கொள்ளலாம். சராசரி சுமார் 6.1-லிருந்து 8.1 மில்லியனுக்குள் என்றால் முதல், இரண்டாம், மூன்றாம் சுற்றில் ஒவ்வொன்று. அதற்கு மேல் சுமார் 10.1 வரை முதல் சுற்றே இரண்டு, கூடவே இரண்டாவதும் மூன்றாவதும். அதையும் தாண்டினால் முதல் சுற்று நான்கு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சராசரியைக் கணக்கிடும்போது மொத்தத் தொகையை ஆண்டு எண்ணிக்கையால் வகுப்பார்கள், ஆனால் அதிகபட்சம் 5-ஆல்தான். 5 ஆண்டுக்கு 40 மில்லியன் என்றால் சராசரி 8, மூன்று தேர்வோடு போயிற்று. அதே 8 மில்லியன் வீதம் 7 ஆண்டு என்றால் மொத்தம் 56, ஐந்தால் வகுத்தால் 11.2, நான்கு முதல் சுற்று போய்விடும்.

கடைசியாக ஆஃபர் ஷீட் வந்தது 2013-ல், ரயன் ஓ'ரைலிக்குக் கால்கரி போட்டது. கொலராடோ ஏற்றுக்கொண்டு வைத்துக்கொண்டது. அந்தச் சீசன் தொடங்கிய பிறகு அவர் ரஷ்ய லீகில் ஆடியிருந்ததால் வேவர்ஸ் சிக்கல் (ஆளை எடுத்துக்கொள்ள மற்ற அணிகளுக்கு முதலில் வாய்ப்புத் தர வேண்டிய விதி) கிளம்பியது. கொலராடோ விட்டிருந்தால் கால்கரி தேர்வுகளையும் இழந்து ஆளையும் இழந்திருக்கக்கூடும் என்று அப்போது ஒரு பெரிய வாதமே நடந்தது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை போல.

நவம்பர் 25, ஞாயிறு

இன்னும் 6 நாள். டிசம்பர் 1, டொராண்டோ நேரப்படி மாலை 5 மணி. அதற்குள் கையெழுத்தாகவில்லை என்றால் இந்தச் சீசன் முழுக்க அவர் என்எச்எல்-லில் ஆட முடியாது. ஏப்ரலில் தொடங்கும் நாக்அவுட் சுற்றான பிளேஆஃபும் கிடையாது. உரிமை மட்டும் டொராண்டோவிடமே இருக்கும்.

"கடைசி நிமிடத்தில் வேறு அணிக்குக் கொடுத்துவிடலாம்" என்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். வாங்கும் அணிக்கும் அதே 5 மணிதான். முதலில் டொராண்டோ அனுமதி கொடுத்து அந்த அணி ஏஜென்ட் லூயிஸ் கிராஸிடம் பேச வேண்டும், தொகை படிய வேண்டும், பிறகுதான் வர்த்தகம். 4.30-க்கு ஆளை வாங்கி 4.50-க்குப் பேரம் தொடங்கினால் கைக்கு வருவது அடுத்த கோடை வரை ஆடாத ஒருவர். எனவே வர்த்தகத்துக்கான உண்மையான கெடு அதற்கு 2 நாளாவது முன்னால்.

நவம்பர் 29, வியாழன்

மேத்யூஸ் நேற்று திரும்பினார். இரண்டு கோல், சான் ஹோசேயை 5-3 என்று வென்றாயிற்று. "பார்த்தீங்களா, 29 இல்லாமலே ஓடுது" என்கிறது ஒரு கூட்டம். ஓடுகிறது, உண்மைதான். நவம்பரில் எல்லாமே ஓடும். ஏப்ரலில் பாஸ்டன் எதிரே நிற்கும்போது இரண்டாவது வரிசையில் யார் என்பதுதான் கேள்வி.

டிசம்பர் 1, சனி

4.30. எதுவும் இல்லை.

4.50. எதுவும் இல்லை. அணி மினசோட்டாவில் இருக்கிறது, ராத்திரி அங்கே ஆட்டம்.

5.00. இல்லை. ஒப்பந்தம் 5-க்குள் லீகுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், வெளியே சொல்ல வேண்டும் என்று கெடு கிடையாது. தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் கை திரையை இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டே இருக்கிறது.

5 தாண்டிச் சில நிமிடம் கழித்துச் செய்தி: கையெழுத்தாகிவிட்டது, 6 ஆண்டு.

கொண்டாட்டம் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. இந்த ஆண்டு கேப் ஹிட், அதாவது அணியின் கேப்பில் இவர் பெயரில் ஏறும் தொகை, 10.2 மில்லியன் என்று எண் வந்ததும் அடுத்த சண்டை. "மச்சான், 2 மாசம் வீட்டில இருந்தவனுக்குப் பத்து மில்லியனா?"

டிசம்பர் 2, ஞாயிறு

அந்தப் பத்து என்ன என்று ஒரு காகிதம் எடுத்துப் போட்டுப் பார்த்துவிடலாம்.

சீசன் 186 நாள். அக்டோபர் 3-லிருந்து டிசம்பர் 1 வரை 60 நாள் போயிற்று, மீதி 126.

காகிதத்தில் உள்ள ஒப்பந்தம் 45 மில்லியன். முதல் ஆண்டு 10 மில்லியன் சம்பளம், 2 மில்லியன் சைனிங் போனஸ். இரண்டாம் ஆண்டு 9. பிறகு நான்கு ஆண்டும் 6, 6, 6, 6. வகுத்தால் ஆண்டுக்கு 7.5.

ஆனால் போன 60 நாளுக்குச் சம்பளம் கிடையாது. 10 மில்லியனை 186-ஆல் வகுத்தால் நாளுக்கு 53,763 டாலர். 60 நாளுக்கு 32 லட்சத்து 25 ஆயிரத்துச் சொச்சம். போனஸுக்கு இந்த வெட்டு இல்லை. 45-லிருந்து கழித்தால் மிஞ்சுவது 41.774 மில்லியன். ஆறால் வகுத்தால் 69,62,366. அடுத்த 5 ஆண்டுக்கான கேப் ஹிட் இதுதான்.

இப்போது இந்த ஆண்டு. அதே 69,62,366 டாலரை 186 நாளில் அல்ல, 126 நாளில் ஏற்ற வேண்டும். முழு ஆண்டுக்கு நீட்டி எழுதினால் 186/126 மடங்கு, அதாவது 1,02,77,778. திரையில் பயமுறுத்துகிற எண் இதுதான். இந்தச் சீசனில் கேப்பில் உண்மையாக ஏறப்போவது அதே 6.96. பத்து மில்லியன் கொடுத்துவிட்டார்கள் என்பது தப்பு.

ஆனால் அணிக்குச் செலவே இல்லை என்பதும் தப்பு. முழு ஆண்டுக்கான கேப்பைக் கொடுத்து மூன்றில் இரண்டு பங்கு சீசனைத்தான் வாங்குகிறார்கள். இந்த ஆண்டு கேப்பில் இடம் கிடந்ததால் தாங்கியது. அடுத்த ஆண்டு மேத்யூஸ், மார்னர் கணக்கு வந்த பிறகு இதைச் செய்ய வழியே இருந்திருக்காது.

நான் ரசித்தது முதல் ஆண்டுச் சம்பளத்தை 10 என்று ஏற்றி வைத்ததைத்தான். பார்க்க நைலாண்டருக்குச் சலுகை போலத் தெரியும், பணம் முன்னாலேயே வருகிறதே. ஆனால் இழந்த 60 நாளும் அந்தப் பெரிய சம்பளத்தின் வீதத்தில்தான் கழிகிறது. முதல் ஆண்டுச் சம்பளம் 6 என்று போட்டிருந்தால் கழிவது 19 லட்சம்தான், இங்கே 32 லட்சம். ஆண்டுக்கு 5,37,634 டாலர் கேப் ஹிட்டில் இறங்கியது இப்படித்தான். ஏஜென்ட் 7.5 என்று சொல்லிக்கொள்ளலாம், டுபாஸ் 7-க்குக் கீழே என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டுமே பொய்யில்லை.

சதவீதம்? 79.5-ல் 8.8. பாஸ்ட்ர்னாக்கை விட ஒரு மயிரிழை குறைவு. 6 ஆண்டில் ஒன்றே ஒன்றுதான் எந்த அணிக்கும் போகும் முழுச் சுதந்திரம் வந்த பிறகான ஆண்டு, 2023-24.

டிசம்பர் 7, வெள்ளி

நேற்று டெட்ராய்ட்டுக்கு எதிராக இறங்கினார். ஓவர்டைமில் 5-4 தோல்வி. 28 ஆட்டம் போயிற்று, 54 மிச்சம்.

கால் ஓடுகிறது, கை பின்தங்குகிறது. தனியாகப் பயிற்சி செய்தவருக்கு வேகம் இருக்கும், மூச்சும் இருக்கும். இல்லாதது வேறு. பலகையோரம் முதுகில் ஒருவர் இடித்துக்கொண்டிருக்கும்போது பக்கை அரை நொடி கூடுதலாக வைத்திருப்பது. 45 நொடி முழு மூச்சில் ஓடி, உட்கார்ந்து, 2 நிமிடம் கழித்து மறுபடி அதையே செய்வது. பாஸ் வருமுன்பே மட்டையைத் திருப்பி வைப்பது. இதெல்லாம் செப்டம்பர் முகாமிலும் முன்னோட்ட ஆட்டங்களிலும் தானாகப் படிவது. மற்றவர்கள் 28 ஆட்டத்தில் வேகமேறி நிற்கும்போது இவர் செப்டம்பரை டிசம்பரில் ஆடுகிறார்.

ரசிகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஜனவரி வரை திட்டாமல் இருங்கள். கேட்க மாட்டீர்கள், தெரியும்.

பிப்ரவரி 5, 2019, செவ்வாய்

மேத்யூஸ் கையெழுத்திட்டுவிட்டார். 5 ஆண்டு, ஆண்டுக்கு 11.634 மில்லியன். கோடைக்குக் காத்திருக்கவே இல்லை. அடுத்து மார்னர்.

ஏப்ரல் 7, ஞாயிறு

லீக் ஆட்டங்கள் முடிந்தன. நைலாண்டர்: 54 ஆட்டம், 7 கோல், 20 அசிஸ்ட், 27 புள்ளி. போன ஆண்டு 82 ஆட்டத்தில் 20 கோல், 61 புள்ளி. ஆட்டத்துக்கு 0.74 என்றிருந்தது 0.5.

"விற்றுவிடுங்கள்" கூட்டத்துக்கு இது தீபாவளி. அவர்களுக்கு ஒரு தகவல். இரண்டாம் ஆண்டின் 9 மில்லியனில் 8.3 சைனிங் போனஸ், ஜூலை 1-ல் டொராண்டோவே கொடுத்துவிடும். அதற்குப் பிறகு வாங்கும் அணி அந்த ஆண்டுக்குக் கையிலிருந்து தருவது 7 லட்சம்தான். விற்கத்தான் போகிறார்கள் என்றால் ஜூலை 1-க்குப் பிறகு விற்பதுதான் புத்தி. என்னைக் கேட்டால் விற்கக் கூடாது. 7 கோல் எடுத்தவராகப் பார்த்து விலை சொல்வார்கள்.

ஜனவரி 8, 2024, திங்கள்

பழைய குறிப்பேட்டைத் திறக்க ஒரு காரணம் கிடைத்தது. இன்று மறுபடி கையெழுத்து: 8 ஆண்டு, 92 மில்லியன், ஆண்டுக்கு 11.5. பழைய ஒப்பந்தம் முடிய ஜூன் 30 வரை இருக்கிறது. சீசன் நடுவில், பகல் வேளையில், கெடு எதுவும் இல்லாமல்.

இடையில் என்ன நடந்தது? 2019-20-ல் 31 கோல். 2022-23-ல் 40 கோல், 87 புள்ளி. கேப் ஹிட் எல்லா ஆண்டும் அதே 6.96. அன்று "பத்து மில்லியனா" என்று கத்தியவர்கள் போன சீசனில் "இந்த விலைக்கு இப்படி ஒருத்தர் எங்கே கிடைப்பார்" என்றார்கள். இன்று 11.5-ஐப் பார்த்துப் பழையபடி தொடங்கிவிட்டார்கள்.

இந்த முறை 186, 126 எதுவும் வேண்டாம். 92-ஐ 8-ஆல் வகுத்தால் முடிந்தது.