புளிய மரத்து வண்டு: நாட்குறிப்பு

2024 மே 14, செவ்வாய்

வந்துவிட்டது. விடியக்காலையில் வலைக்குள் ஒன்று. சீரகம் அளவு, செம்பு நிறம். பட்டையில் பாதி நிலா வடிவத்தில் ஓர் ஓட்டை. கட்டையைத் திண்ணையில் கொண்டுவந்து வைத்துப் பத்து மாதம்.

மே 16, வியாழன்

இன்னும் இரண்டு. மழை விடவில்லை.

மே 19, ஞாயிறு

மொத்தம் ஐந்து. ஆண் 2, பெண் 3.

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். "பொன்வண்டாப்பா?" அந்தக் குடும்பம்தான் அம்மா, ஆனால் பொன்வண்டு இல்லை. பொன்வண்டின் புழு மண்ணுக்குள் கிடந்து வேரைத் தின்னும். இது பட்டைக்கும் உள்மரத்துக்கும் நடுவில் கோணல்மாணலாகச் சுரங்கம் போட்டு வளர்கிறது. தீப்பெட்டியில் வேல இலை போட்டுப் பொன்வண்டு வளர்த்து, அது போடும் முட்டையைக் காட்டி பென்சில் வாங்கிய கதையை அம்மா சொன்னாள். அப்பா வாங்கிய பென்சிலாம் அது. எனக்குத் தெரியாது இது.

மே 22, புதன்

அக்ரிலஸ் என்கிற பேரினம்தான். அதில் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் அதற்குப் பிறகு. 1825-ல் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் கர்டிஸ் அந்தப் பேரினத்தைப் பிரித்தார். இன்றைக்கு அதில் 3,000-க்கும் மேல் சிற்றினங்கள். விலங்குலகத்திலேயே பெரிய பேரினம். இனங்காணும் அட்டவணையில் எந்த வழியாகப் போனாலும் ஐந்தாறு படிக்குள் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இரவு சோற்றில் ரசம் ஊற்றும்போது கை நின்றுவிட்டது. புளிய மரம். தினமும் நாம் கரைத்துக் குடிக்கிற மரம். அதன் கிளைக்குள் பெயரில்லாமல் ஒரு உயிர் இத்தனை காலமும் இருந்திருக்க முடியுமா? யாராவது பார்த்திருப்பார்கள், கட்டாயம் பார்த்திருப்பார்கள்.

மே 27

எறும்பு. ஒரு பெண் வண்டு போச்சு. அந்துருண்டை வாங்க வேண்டும்.

ஜூன் 1, சனி

பெயர் முடிவாகிவிட்டது. இங்கே எழுத மாட்டேன். விவரணை வெளியாகும் முன்னால் பெயர் மட்டும் வெளியே போனால் அதை 'நோமென் நூடும்' என்பார்கள், உடுப்பில்லாத பெயர். விதிப்படி அது பெயரே இல்லை.

இவ்வளவு சொல்லலாம்: தமிழ்ச் சொல். அதில் ஒரு ழ இருக்கிறது. எந்த மொழிச் சொல்லையும் வைக்கலாம், ஆனால் லத்தீன் எழுத்தில் எழுத வேண்டும். மேலே கீழே புள்ளியோ கோடோ போடக் கூடாது. அப்படியானால் ழ-வை என்ன செய்வது? 'இஸட்', 'ஹெச்' போட்டால் தெரியாதவன் வாயில் அது வண்டு ரீங்காரமாகிவிடும். 'எல்' போட்டால் வேறு சொல்லாகவே ஆகிவிடும். மத்தியானம் முழுக்க இரண்டையும் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

பக்கத்து வீட்டு டிவியில் வாக்கு எண்ணிக்கை. நான் ஃபேனை அணைத்துவிட்டு வியர்வையோடு உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் பேரினத்தில் வெளித்தோற்றத்தை நம்ப முடியாது. ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வண்டுகள் ஆணுறுப்பின் வடிவத்தில் வேறு வேறாகப் பிரிந்துவிடும். வெந்நீரில் ஊறவைத்து, வயிற்றின் கடைசிக் கண்ணியை வளைத்த ஊசியால் திறந்து, மெதுவாக இழுக்க வேண்டும். பிறகு பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சதையைக் கரைக்க வேண்டும். முதல் ஆணில் நுனி முறிந்துவிட்டது. அவ்வளவுதான், அதைத் திருப்பி ஒட்ட முடியாது. அரை மணி நேரம் மேசையைத் தொடவே இல்லை.

இரண்டாவது முழுதாக வந்தது. இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. கிளிசரினுக்கு மாற்றும்போது ஃபோர்செப்ஸிலிருந்து துள்ளிவிட்டது. செல்போன் வெளிச்சத்தில் தரையில் குப்புறப் படுத்து, ஓடு ஓடாகத் தேடினேன். அம்மாவும் வந்து உட்கார்ந்தாள், என்ன தேடுகிறோம் என்று கேட்காமல். மூன்று மணி நேரம். மேசை விரிப்பின் நூல் இடுக்கில் இருந்தது.

கிடைத்ததும் அழுகை வந்துவிட்டது.

ஜூன் 5

பக்கவாட்டில் நடுவுக்குக் கீழே அகன்று, நுனியில் திடீரென்று ஒடுங்குகிறது. இப்படி ஒன்றை எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

ஜூன் 12, புதன்

எனக்கு வழிகாட்டும் சார் போன் பண்ணினார். "அவசரப்படாதீங்க. பழைய பேர் ஒண்ணு இருக்கு, பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. பழைய விவரணை, பிரெஞ்சில் ஏழே வரி. செம்பு நிறம், வெண்மயிர்த் திட்டு, நீளம் ஆறு மில்லிமீட்டர். கிடைத்த இடம்: மெட்ராஸ். அந்தக் காலத்து மெட்ராஸ் என்றால் கஞ்சாமிலிருந்து திருநெல்வேலிவரை எங்கேயும் இருக்கலாம். கெரெமான்ஸ், தேரி, ஓபன்பெர்கர் என்று ஐரோப்பாவில் உட்கார்ந்தபடி ஆயிரக்கணக்கில் பெயர் வைத்துப்போன மனிதர்கள். மரத்தின் பெயர் பெரும்பாலும் இருக்காது, படம் இருக்காது. அந்த ஏழு வரி என் வண்டாக இருந்தால் முந்தியவர் வைத்த பெயர்தான் நிற்கும். ழ-வைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

அந்தப் பெயர் தாங்கிய முதல் வண்டின் படம் கேட்டு அருங்காட்சியகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியாயிற்று.

ஜூன் 15

பதில் இல்லை.

ஜூன் 18, செவ்வாய்

பதில் இல்லை. சாலையோர மரங்களுக்கெல்லாம் வெள்ளை பெயின்டில் எண் போட்டிருக்கிறார்கள். நம் மரம் 47.

ஜூன் 23, ஞாயிறு

"கட்டையத் தூக்கி வெளிய போடேன். உத்திரத்துல ஏறிறப் போகுது." அம்மா ஆறாவது முறையாக. காய்ந்து அறுத்த மரத்தில் இது முட்டை வைக்காது என்று ஆறாவது முறையாக நானும்.

ஆனால் கட்டையை நான் வெளியே போடாததற்குக் காரணம் வேறு. அமெரிக்காவைச் சேர்ந்த இதே குடும்பத்து வண்டு ஒன்று, வீடு கட்டின மரத்துக்குள்ளிருந்து 51 ஆண்டு கழித்து வெளியே வந்ததாகப் பதிவு இருக்கிறது. காய்ந்த மரத்தில் சத்துக் கிடையாது, புழு அப்படியே காலத்தை ஓட்டுகிறது. இதற்குள்ளும் இன்னொன்று இருக்கலாம். ராத்திரி திண்ணையில் காதை வைத்துக் கேட்கிறேன். மர அறுவை மில்லில் அப்பா இப்படித்தான் காது வைப்பார். தட்டைத் தலைப் புழுவை எனக்கு முதலில் காட்டியது அவர்தான். உளியால் பட்டையை நெம்பி, "ஒடம்பு நூலு, தலை மட்டும் எப்படி விரிஞ்சிருக்கு பாரு" என்றார். விரிந்திருப்பது தலை இல்லை, மார்பு. கல்லூரியில் அதைப் படித்தபோது அவர் இல்லை.

"பேரு வச்சா அப்பா பேர வை" என்றாள் அம்மா, கூடத்தைப் பெருக்கிக்கொண்டே. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 1, திங்கள்

படங்கள் வந்தன. நூறு ஆண்டு தாண்டியும் அப்படி மின்னுகிறது. இந்த மினுக்கம் சாயம் இல்லை. மேலோட்டின் அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருகிறது, ஓடு இருக்கும்வரை வெளுக்காது.

ஆனால் அது பெண். என் நம்பிக்கையெல்லாம் ஆணுறுப்பில். மயிர்த் திட்டுகளும் தேய்ந்து மொட்டையாக இருக்கின்றன. ஒப்பிட ஒன்றுமே இல்லை.

சாப்பிடவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து மறுபடி பார்த்தேன். மார்புக் கவசத்தின் பின்மூலையில் வயல் வரப்பு மாதிரி ஒரு மேடு ஓடும். பழைய வண்டில் அது நீண்டு, கவசத்தின் பாதிக்கு வருகிறது. என்னுடையவற்றில் கால்வாசியிலேயே நின்றுவிடுகிறது. ஐந்திலும். எறும்பு தின்றதன் மிச்சத்தில்கூட. நெற்றியும் வேறு. அதில் நடுவில் ஆழமான பள்ளம், இதில் ஏறக்குறைய சமதளம்.

வரப்பு, வரப்பு, வரப்பு.

ஜூலை 6, சனி

சார் பார்த்துவிட்டார். "வேறதான்." இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை ராத்திரி.

சிவப்பு அட்டை வெட்டினேன். முழுதாக வந்த அந்த ஆண்தான் ஹோலோடைப். இனி உலகத்தில் யார் எங்கே இந்தப் பெயரைச் சொன்னாலும் அது இந்த ஒரு உடம்பைக் குறிக்கும். முறிந்த ஆணும் பெண்களும் பாராடைப், அதாவது துணை மாதிரிகள், மஞ்சள் அட்டை. 2002 பல்லுயிர்ச் சட்டப்படி புதிய இனத்தின் மாதிரியைத் தேசியக் களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும். சார் ரயிலில் கையோடு கொல்கத்தாவுக்குக் கொண்டுபோகிறார். அதுதான் சரி, ராஜபாளையத்துத் திண்ணையில் எறும்போடு மல்லுக்கட்டிக் காப்பாற்ற முடியாது. ஆனாலும் பெட்டியை மூடி மூடித் திறந்தேன்.

ழ-வுக்கு 'இஸட்', 'ஹெச்'. தெரியாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

அம்மாவிடம் பெயரைச் சொல்லிவிட்டேன். அவளிடம் மட்டும்.

ஜூலை 11, வியாழன்

30 வரை முடிந்துவிட்டது. புளிய மரங்களை இவ்வளவு சீக்கிரம் சாய்க்க முடியும் என்று எனக்குத் தெரியாது. நின்றுகொண்டிருந்தவர்களிடம் காய்ந்த கிளைகளை மட்டும் கேட்டேன். விறகுக்கா என்றார்கள். ஆமாம் என்றேன்.

ஜூலை 13, சனி

47-லிருந்து கிளைகள் 11. அம்மா பின்கட்டை ஒழித்துக் கொடுத்தாள், உத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல். கொசுவலை பத்தாது, இன்னும் ஆறு மீட்டராவது வேண்டும்.