ஐந்து கம்பி, மூன்று முள்: டென்னசி ஆற்றுக்கு அலபாமா ரிக் கொண்டுபோன கதை

மிச்சிகனிலிருந்து டென்னசி ஆற்றுக்கு நவம்பரில் பாஸ் என்ற நன்னீர் மீன் பிடிக்கப் போவது என்று முடிவானதும், எங்கள் குழுவில் முதலில் எழுந்த கேள்வி இதுதான்: பெட்டியில் இருக்கும் அலபாமா ரிக்கை அங்கே அப்படியே போட்டு இழுக்கலாமா? முதலில் டென்னசியில் சிக்கமாகா ஏரி, அப்புறம் அலபாமாவில் கன்டர்ஸ்வில் ஏரி. இரண்டும் ஒரே ஆற்றின் மேல் அணை கட்டி உண்டானவை. ஆறு ஒன்றுதான், சட்டம் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கிளம்புவதற்கு முன் அதைத் தெரிந்துகொள்ள நான் செய்தவற்றை எழுதுகிறேன். இதே திட்டத்தோடு இருப்பவர்களுக்கு உதவும்.

ரிக்கைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு சின்ன ஈயத் தலை, அதிலிருந்து குடைக்கம்பி மாதிரி விரியும் ஐந்து மெல்லிய கம்பிகள், ஒவ்வொரு நுனியிலும் ரப்பர் மீன். தண்ணீரில் இழுத்தால் குட்டி மீன் கூட்டம் ஒன்று நீந்திப் போவது போலவே இருக்கும். கடலில் படகுக்குப் பின்னால் இப்படி இழுக்கும் வழக்கம் முன்பிருந்தே உண்டு. ராடால், அதாவது தூண்டில் கோலால், வீசிப் பிடிக்கிற அளவுக்கு அதைச் சுருக்கியவர் அலபாமாவின் மசல் ஷோல்ஸ் ஊரைச் சேர்ந்த ஆண்டி பாஸ் (Andy Poss) என்பவர். 2011 அக்டோபரில் கன்டர்ஸ்வில் ஏரியில் நடந்த போட்டியில் பால் இலியாஸ் என்ற போட்டியாளர் இதை வைத்து நான்கு நாளில் 20 பாஸ் மீன் பிடித்தார். மொத்த எடை 102 பவுண்டு 8 அவுன்ஸ், நம் கணக்கில் 46 கிலோவுக்கு மேல். அதன் பிறகு கடைகளில் ரிக் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. பாஸ்மாஸ்டர் எலைட் என்ற தொழில்முறை மீன்பிடிப் போட்டிகளில் 2012-லேயே தடையும் வந்தது. அது போட்டிக்காரர்களின் விதி. நம்மைக் கட்டுப்படுத்துவது மாநிலச் சட்டம்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு "அலபாமா ரிக்கையே தடை பண்ணிட்டாங்களாமே" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பல மாநிலங்களில் இந்த ரிக் வருவதற்கு வெகுகாலம் முன்பே முள் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தது. ஒரே தூண்டில் நரம்பில் நிறைய முள் இருந்தால் இரையைக் கடிக்காத மீனின் வயிற்றிலும் முதுகிலும் குத்தி இழுத்துவிடும் என்பது முக்கியமான காரணம். திரும்ப விட்டாலும் அந்த மீன் பிழைப்பது கஷ்டம். எங்களோடு வந்த தூத்துக்குடிக்கார அண்ணனுக்கு இது சட்டென்று ஒப்பவில்லை. "நம்ம ஊர்ல ஆயிரங்கால் தூண்டில்ல நூத்துக்கணக்குல முள்ளு கட்டி விடுறோம், இங்க நாலாவது முள்ளுக்கு அபராதமா தம்பி?" என்றார். அது பிழைப்புக்கான கடல் தொழில். இங்கே ஏரியில் ஆளுக்கு இத்தனை மீன், இந்த நீளத்துக்குக் குறைந்தால் திரும்ப விடு என்று கணக்குப் பார்த்து மீனை வளர்க்கிறார்கள், நம் லைசென்ஸ் காசும் அதற்குத்தான் போகிறது. எனக்கு இந்த விதிகள் பிடித்திருக்கின்றன.

சரி, விதிக்கு வருவோம். மிச்சிகனில் ஒருவர் மூன்று ராடு வரை போடலாம், எல்லா ராடுகளையும் சேர்த்து மொத்தம் ஆறு முள். மூன்று முனை கொண்ட ட்ரெபிள் முள்ளும் ஒன்றாகத்தான் கணக்காகும். இரண்டு ட்ரெபிள் தொங்கும் இரையும் ஒன்றுதான். ஆகவே ஐந்து முள்ளோடு அலபாமா ரிக் போட்டால், பக்கத்தில் வைக்கிற இன்னொரு ராடுக்கு ஒரே ஒரு முள்தான் மிச்சம்.

டென்னசியில் கதை வேறு. ரிக்கில் ஐந்து ரப்பர் மீன் தொங்கலாம், ஆனால் மூன்றில்தான் முள் இருக்கலாம். மற்ற இரண்டும் வெறும் பொம்மைகள். அலபாமாவில் ஐந்திலும் முள் வைக்கலாம். ஆக, மிச்சிகனில் கட்டி வைத்த ரிக் அலபாமாவில் செல்லும், நடுவில் இருக்கும் டென்னசியில் செல்லாது. நான் யோசித்தது இவ்வளவுதான்: இருப்பதிலேயே கெடுபிடியான மாநிலத்துக்கு ஏற்றபடி கட்டிவிட்டால் மற்ற இரண்டு இடத்திலும் கவலையில்லை.

கட்டிய விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மீன் விழுவதும் விழாததும் அதில்தான் இருக்கிறது. எந்த மூன்று கம்பியில் முள் வைப்பது? பாஸ், குட்டி மீன் கூட்டத்தின் நடுவில் பாயாது. பின்தங்கி வரும் ஒன்றைத்தான் குறி வைக்கும். அதனால் நடுக்கம்பியிலும் கீழிரண்டு கம்பியிலும் முள் வைத்தேன். நடுக்கம்பி மீனை மற்றவற்றைவிட ஒரு விரற்கடை பெரிதாக, வேறு நிறத்தில் மாட்டினேன். கீழே கால் அவுன்ஸ் ஜிக் ஹெட், அதாவது எடைத் தலையோடு சேர்ந்த முள். மேலிரண்டு கம்பியில் முள்ளுக்குப் பதில் ஸ்பிரிங் போன்ற ஒரு திருகுக்கம்பி. ரப்பர் மீனின் மூக்கை அதில் திருகினால் பிடித்துக்கொள்ளும். அடிப்பக்கம் கனம் கூடுதலாக இருந்தால்தான் ரிக் புரளாமல் நேராக வரும். எடை மாறிப்போனால் தண்ணீரில் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். வாங்கும்போது திருகுக்கம்பி கிடைக்காவிட்டால், பழைய ஜிக் ஹெட்டின் முள்ளை வளைவுக்கு முன்னாலேயே கட்டரால் வெட்டிவிட்டு மாட்டலாம். மொட்டையாக வெட்டுங்கள். அரைகுறை வளைவு மிச்சமிருந்தால் அதை முள் என்று சொல்ல இடமிருக்கிறது.

இன்னொன்று, மூன்றும் ஒற்றை முனை முள்ளாகவே வைத்தேன், ட்ரெபிள் பக்கமே போகவில்லை. ஒரு மாநிலம் முள்ளை எண்ணட்டும், இன்னொன்று முனையை எண்ணட்டும், ஒற்றை முனையில் இரண்டும் ஒரே எண்தான்.

லைசென்ஸ் வேலை சுலபமாக முடிந்தது. வெளிமாநிலத்தவருக்கு டென்னசியில் மூன்று நாள், பத்து நாள் என்று தருகிறார்கள், அலபாமாவில் ஏழு நாள் லைசென்ஸ். இரண்டையும் இணையத்தில் வாங்கி போனில் ஒன்று, காகிதத்தில் ஒன்று என வைத்துக்கொண்டோம். ஐ-75 நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஒஹாயோ, கென்டக்கி கடந்து நேரே டென்னசி.

சிக்கமாகாவில் டேட்டன் ஊர்ப் பக்கம் படகை இறக்கினோம். 2015-ல் டென்னசி மாநிலத்தின் மிகப்பெரிய லார்ஜ்மவுத் பாஸ், 15 பவுண்டைத் தாண்டியது, இந்த ஏரியில்தான் விழுந்தது. மதியம் கரை திரும்பும்போது வனவிலங்கு அதிகாரி ஒருவர் நின்றிருந்தார். லைசென்ஸ், உயிர்காக்கும் சட்டை எல்லாம் பார்த்துவிட்டு ராடிலிருந்த ரிக்கைக் கையில் எடுத்தார். கம்பி கம்பியாக விரித்தார், ஒவ்வொரு ரப்பர் மீனின் அடிவயிற்றையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். மேலிரண்டு மீன்களை லேசாகத் திருப்பி ஸ்பிரிங்கைக் கண்டதும் தலையாட்டினார். இந்தப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் அதிகம் பார்ப்பது ஐந்து முள் ரிக்தான் என்றார். கடையில் விற்கும் பாக்கெட்டில் ஐந்து ஜிக் ஹெட்டும் சேர்ந்தே வருவதால் அப்படியே மாட்டிவிடுகிறார்களாம். கடையில் விற்கிறார்கள் என்பதால் அந்த மாநிலத்தில் செல்லும் என்று நினைக்க வேண்டாம். பாக்கெட் எல்லா மாநிலத்துக்கும் ஒன்றுதான்.

மறுநாள் கன்டர்ஸ்வில். அலபாமாவிலேயே பெரிய ஏரி, ஆனால் அதன் மேல்முனை டென்னசிக்குள் இருக்கிறது, நிக்கஜாக் அணையின் அடியிலிருந்தே தொடங்கிவிடும். ஐந்து முள் போட ஆசைப்படுபவர்கள் எல்லைக்கோடு எங்கே என்று வரைபடத்தில் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. நாங்கள் நன்றாகக் கீழே, ஸ்காட்ஸ்போரோ பக்கம் இறங்கினோம். அண்ணன் ஐந்து முள் மாட்டினார், நான் மூன்று முள்ளையே விட்டுவிட்டேன். விழுந்த மீன்களில் அநேகமாக எல்லாமே நடுக்கம்பியையும் கீழ்க்கம்பிகளையும்தான் கடித்திருந்தன. அண்ணனுக்கும் அப்படித்தான். மேலிரண்டு முள் இல்லாததால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை, நீர்ப்பாசியில் மாட்டுவதுதான் குறைந்தது.

திரும்பி வந்ததும் நண்பர்கள் ஆளுக்கொரு மாநிலத்தைச் சொல்லிக் கேட்கத் தொடங்கினார்கள். விஸ்கான்சினில் ஒருவருக்கு மொத்தமே மூன்று. மூன்று ராடில் ஒவ்வொன்றாகவும் வைக்கலாம், ஒரே ராடில் மூன்றையும் வைக்கலாம். அயோவாவில் இரண்டு ராடு, ராடுக்கு இரண்டு முள். மினசோட்டாதான் எல்லாவற்றிலும் கறார்: பனி உறையாத காலத்தில் ஒரே ராடு, ஒரே இரை. செயற்கை ஈ கட்டி ட்ரவுட், கிராப்பி, சன்ஃபிஷ் பிடிப்பவர்களுக்கு மட்டும் மூன்று வரை விலக்கு உண்டு. கலிஃபோர்னியாவில் ஒரு நரம்பில் மூன்று செயற்கை இரை, ஒவ்வொன்றிலும் மூன்று முள் வரை. அதே மாநிலத்தில் கடலுக்குப் போய் ராக்ஃபிஷ் பிடித்தால் ஒரு நரம்பு, இரண்டு முள், அவ்வளவுதான். ஃப்ளோரிடாவில் எண்ணிக்கையைவிட இரை முக்கியம். ஸ்னூக், ரெட் டிரம் மீன்களை உயிருள்ள அல்லது செத்த இயற்கை இரையை ட்ரெபிள் முள்ளில் குத்திப் பிடிக்கக் கூடாது, ரப்பர் மீன் என்றால் பரவாயில்லை.

மாநில வழிகாட்டிப் புத்தகத்தைத் திறந்ததும் நான் முதலில் போவது சொல் விளக்கம் இருக்கும் பக்கத்துக்குத்தான். முள் என்றால் என்ன, வரம்பு ராடுக்கா ஆளுக்கா, எண்ணுவது முள்ளையா முனையையா இரையையா என்ற மூன்றும் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். அப்புறம் நாம் போகும் ஏரியின் பெயரைத் தனியாகத் தேட வேண்டும், சில ஏரிகளுக்கும் ஓடைகளுக்கும் தனி விதி இருக்கும். வழிகாட்டி புதிதாக வரும்போதெல்லாம் பழையதை அழித்துவிட்டு மறுபடி இறக்கிக்கொள்கிறேன்.

அடுத்து நியூயார்க் போகிறோம். அங்கே நரம்புக்கு ஐந்து இரை வரை அனுமதி, ஆனால் முனைகள் மொத்தம் 15-க்குள் இருக்க வேண்டும். ஐந்து ஒற்றை முள் என்றால் ஐந்து முனைதான், தாராளம். இரண்டு ட்ரெபிள் உள்ள கிராங்க்பெய்ட் (மீன் வடிவக் கெட்டிச் செயற்கை இரை) என்றால் ஒன்றுக்கு ஆறு முனை, மூன்றாவதை மாட்டும்போதே 18 ஆகிவிடும். அண்ணனின் பெட்டியில் இருப்பது முழுக்க கிராங்க்பெய்ட். இந்த வாரம் அவர் வீட்டில் உட்கார்ந்து ஜிக் ஹெட் மாற்றிக்கொண்டிருக்கிறோம்.