ஸ்கின்வாலியின் கடைசி ‘இ’

ஆகஸ்ட் 6, 2024, திபிலிசி, ஜார்ஜியா

லீவுக்கு ஊருக்குப் போகவில்லை, விமான டிக்கெட் விற்கிற விலை அப்படி. வீட்டில் நானும் பேபியாவும்தான். பேபியா என்றால் ஜார்ஜிய மொழியில் பாட்டி. வீட்டுக்கார அம்மாவை இங்கே தங்கியிருக்கும் மெடிக்கல் மாணவர்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

நாலு வருஷமாகக் குடியிருக்கிறேன். அவர் ஜார்ஜியர் இல்லை, ஜார்ஜியரைக் கல்யாணம் செய்துகொண்ட ஒஸ்ஸேட்டியர் (காக்கசஸ் மலைப்பகுதியின் வேறொரு இனம்) என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. போனில் பேசியது ஜார்ஜியனும் இல்லை, ரஷ்யனும் இல்லை. கேட்டதற்கு, “தங்கச்சி. ஸ்கின்வாலில் இருக்கிறாள்” என்றார்.

“ஸ்கின்வாலியா?”

சிரித்தார். ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நிற்கும் தெற்கு ஒஸ்ஸேட்டியாவின் தலைநகர் அது. ஜார்ஜியர்கள் சொன்னால் கடைசியில் ஒரு ‘இ’ உண்டு. அந்தப் பக்கத்துக்காரர்கள் அதை வெட்டிவிட்டார்கள். எப்படிச் சொல்கிறோமோ, அதை வைத்தே நாம் யார் பக்கம் என்று முடிவு கட்டிவிடுவார்களாம். 1934 முதல் 1961 வரை ஊருக்கு ஸ்டாலினிரி என்று பெயர். “அப்போது இந்தத் தொல்லை இல்லை” என்றார். நக்கலா நிஜமா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 8

டிவி முழுக்க 2008 போர். பதினாறு வருஷம் ஆகிவிட்டது. ஆகஸ்ட் 7 இரவு ஜார்ஜிய ராணுவம் ஸ்கின்வாலி மீது குண்டு வீசியது. ரஷ்யாவையும் தெற்கு ஒஸ்ஸேட்டியாவையும் மலைக்குள் இணைக்கும் ரோக்கி சுரங்கம் வழியாக ரஷ்ய டாங்கிகள் வந்தன. 12ஆம் தேதி சண்டை நிறுத்தம். ஐரோப்பிய ஒன்றியம் அமைத்த விசாரணைக் குழு 2009இல் அறிக்கை தந்தது: ஜார்ஜியா குண்டு வீசியதற்குச் சட்டப்படி நியாயம் இல்லை, ரஷ்யாவின் பதிலடியும் அளவு மீறியது, தெற்கு ஒஸ்ஸேட்டியாவில் இருந்த ஜார்ஜியக் கிராமங்களிலிருந்து மக்களை இனம் பார்த்துத் துரத்தினார்கள். ஆளாளுக்குத் தங்களுக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டார்கள்.

பேபியா டிவியை அணைத்துவிட்டார். அவருக்குக் கதை 1990 டிசம்பரில் தொடங்குகிறது. திபிலிசி அரசு தெற்கு ஒஸ்ஸேட்டியாவின் தன்னாட்சியை ரத்து செய்த மாதம் அது. அடுத்த மாதமே சண்டை. 1992 ஜூனில் ஒப்பந்தம்.

அப்புறம் எர்க்னெட்டி சந்தை. ஸ்கின்வாலியை ஒட்டி, பெட்ரோல், சிகரெட், மாவு, பழம் எல்லாம் கிடைக்கும். பாதிக்கு மேல் கடத்தல் சரக்குதான், ஆனால் பேரம் பேசுகிறவனிடம் நீ எந்த இனம் என்று யாரும் கேட்டதில்லை. 2004இல் கடத்தலைக் காரணம் காட்டி இழுத்து மூடினார்கள். ஒப்பந்தத்தால் ஆகாததை அந்தச் சந்தை செய்துகொண்டிருந்தது. அதை மூடியது மடத்தனம் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆகஸ்ட் 11

நண்பனோடு கோரி வரை போய், அங்கிருந்து தெற்கு ஒஸ்ஸேட்டியாவை ஒட்டிய கிராமம் குர்வலேட்டி. நெடுஞ்சாலையிலேயே செரோவானி தெரிந்தது. 2008இல் வீடிழந்தவர்களுக்குக் கட்டிய வீடுகள், அச்சில் வார்த்த மாதிரி வரிசை வரிசையாக.

குர்வலேட்டியில் முள்கம்பி, ஒரு பச்சைப் பலகை. இது நாட்டின் எல்லை, தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கிறது. எந்த நாடு என்று கேட்டால், ரஷ்யாவையும் இன்னும் விரல் விட்டு எண்ணக்கூடிய சில நாடுகளையும் தவிர யாரும் அதை நாடு என்று ஏற்கவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே புல், ஒரே உயரம். போலீஸ்காரர் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “கிட்டே போகாதே, பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். மாட்டைத் தேடிப் போனவர்களையே விடவில்லை” என்றார்.

ஆகஸ்ட் 16

நாளை பேபியா தங்கையைப் பார்க்கப் போகிறார். இங்கிருந்து ஸ்கின்வாலி சுமார் நூறு கிலோமீட்டர், ஆனால் நேராகப் போக முடியாது. இவர் வடக்கே மலையேறி, லார்ஸி எல்லை தாண்டி ரஷ்யாவின் விளாதிகவ்காஸுக்குப் போக வேண்டும். தங்கை ரோக்கி சுரங்கம் வழியாக அங்கே வருவார். அக்கா தங்கை பார்த்துக்கொள்ள காக்கசஸ் மலையையே தாண்ட வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் சீஸ் வைத்த ரொட்டி மூன்று சுட்டு அடுக்கினார். ஒன்றை எடுக்கப் போனேன், கையில் பட்டென்று ஒரு அடி. சாமிக்கு வைக்க மூன்று வேண்டும். இரண்டு என்றால் இழவு வீட்டுக் கணக்காம். முணுமுணுத்துக்கொண்டே எனக்குத் தனியாக ஒன்று சுட்டார்.

ஆகஸ்ட் 17

திதுபே பஸ் நிலையத்தில் வண்டி ஏற்றிவிட்டேன். ரொட்டி மடியில். காலடியில் இரண்டு லிட்டர் பாட்டில் நிறைய ட்கெமாலி, காட்டு பிளம் சாஸ். மூடி சரியில்லை, மேலே பிளாஸ்டிக் பை சுற்றிக் கட்டினேன்.

இரவு பத்து மணிக்குப் போன். இன்னும் லார்ஸியில் வரிசையில்தான் நிற்கிறார்களாம். பாட்டில் கசிகிறதாம்.