அரை மணித்தியாலம்

தங்கச்சியின் சாதகத்தை மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அதற்காகக் கொட்டகலைச் சாத்திரியாரிடம் அலையத் தேவையில்லை, நான் எழுதிய செயலியே கணித்துவிடும் என்று நேற்றிரவு வாய்விட்டேன். அம்மா என்னை நம்பியது அதுவே கடைசித் தடவை.

2003 வைகாசி பிறந்த கையோடு, காலை 6.10க்கு அவள் பிறந்தாள் என்பது எங்கள் தோட்டத்து லயச் சுவருக்கும் தெரியும். திரையிலோ 6.40, ரிஷப லக்கினம்!

எல்லா நேரத்தையும் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் சேமியுங்கள், காட்டும்போது உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள் என்று வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பவன் நான். ஆனால் சேமிக்கும்போது ஐந்தரை மணித்தியாலத்தைக் கையாலேயே கழித்துவிட்டு, காட்டும் வேலையை மட்டும் 'ஏசியா/கொழும்பு' என்ற நேரவலயப் பெயரிடம் விட்டிருந்தேன். அந்தப் பெயருக்கு நாட்டு நடப்பெல்லாம் மனப்பாடம்: மின்சாரத் தட்டுப்பாட்டால் 1996 மே 25இல் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள், அதே ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தார்கள், மீதி அரையைத் திருப்பித் தர 2006 ஏப்ரல் ஆயிற்று. ஆக 2003இல் யூடிசிக்கு ஆறு மணித்தியாலம் முன்னால் இருந்தோம். கழித்தது ஐந்தரை, கூட்டியது ஆறு.

வேறு வழியின்றிச் சாத்திரியாருக்கு அழைப்பெடுத்தேன். வருடத்தைச் சொல்லி முடிப்பதற்குள் "புது நேரமா, பழைய நேரமா?" என்றார். ஓரம் கிழிந்த அவருடைய சீஆர் கொப்பியின் முதல் பக்கத்தில் அந்த மூன்று மாற்றங்களும் சிவப்பு மையில் இருக்கின்றனவாம். என் தரவுத்தள அட்டவணையில் நான் வைக்க மறந்த நிரலை அவர் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறார்.

"96இல் காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு டோர்ச் அடித்துக்கொண்டு இருட்டில் போனவர்களைக் கேட்டிருந்தால் நாங்களே சொல்லியிருப்போமே, நீ எதற்கு அந்தக் கணினியைத் தட்டிக்கொண்டு கிடந்தாய்?" என்றார் அம்மா. திருத்தியபின் 6.10 வந்தது, லக்கினம் மேஷத்துக்குத் திரும்பியது. அதை அச்செடுத்து நிமிர்வதற்குள், மாப்பிள்ளை 1999இல் பிறந்தவர் என்பது அம்மாவுக்கு நினைவு வந்துவிட்டது. உடனே சம்பந்தி வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, நலம்கூட விசாரிக்காமல், "மாப்பிள்ளைக்கு எழுதியது புது நேரமா, பழைய நேரமா?" என்று கேட்டார்.

மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை.