ஏழு துணைப் பயிற்சிகள் மூன்றான கதை

பளு தூக்கத் தொடங்கிய முதல் சில மாதங்களில், ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் ஆகிய முக்கியப் பயிற்சிகளுக்குச் செலவிட்ட நேரத்தைவிட, அவற்றுக்குப் பின் எந்தத் துணைப் பயிற்சியைச் செய்யலாம் என்று கைப்பேசியில் தேடிய நேரமே எனக்கு அதிகம். ஒரு நாளைக்கு ஏழு பயிற்சிகளை அடுக்கிக்கொண்டு, மறுவாரமே அவற்றில் பாதியை மாற்றிவிடுவேன். உடம்பு வலித்தது, அதையே முன்னேற்றம் என்று நம்பினேன். பழக்கமில்லாத அசைவைச் செய்தால் எவருக்கும் தசை வலிக்கும் என்பதும், புதிய பயிற்சியில் முதல் சில வாரங்கள் தூக்கும் எடை விறுவிறுவென ஏறுவதற்கு நரம்பு மண்டலம் அந்த அசைவைக் கற்றுக்கொள்வதே பெரும்பாலும் காரணம் என்பதும் பிறகுதான் புரிந்தன. வாராவாரம் மாற்றிக்கொண்டிருந்த நான் அந்தக் கட்டத்தைத் தாண்டவே இல்லை.

இப்போது மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். முக்கியப் பயிற்சிகள் எதை விட்டுவைக்கின்றன என்று பார்த்தே தேர்ந்தெடுக்கிறேன். சிங்கப்பூரில் தேசியச் சேவைக்கான உடலுறுதித் தேர்வு 2015இல் புஷ்-அப், சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம் என்று சுருங்கியபோது, கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும் சின்-அப் அதிலிருந்து நீங்கியது. அதற்குப் பின் சேவையாற்றிய எனக்குத் தள்ளும் வலு இருந்த அளவுக்கு இழுக்கும் வலு இல்லை. ஆகவே இழுக்கும் பயிற்சிக்கே முதலிடம். அடுத்து ஒரு காலை முன்வைத்துச் செய்யும் ஸ்பிளிட் ஸ்குவாட், கடைசியில் முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராக நிறுத்தும் பிளாங்க்.

எடை கூட்டும் முறையும் இவற்றுக்கு வேறு. 60 கிலோ ஸ்குவாட்டில் 2.5 கிலோ கூட்டுவது ஏறத்தாழ 4 விழுக்காடு. 10 கிலோ டம்பெல்லிலிருந்து 12.5க்குத் தாவுவதோ 25 விழுக்காடு. அதனால் மூன்று செட்டிலும் (சுற்றிலும்) 12 முறை செய்ய முடிந்த பிறகே கனமான டம்பெல்லை எடுத்து, மீண்டும் 8 முறையிலிருந்து தொடங்குகிறேன்.

மாற்றுவதென்றால், அதே வேலையைச் செய்யும் இன்னொன்றைத்தான் அந்த இடத்தில் வைக்க வேண்டும். மாலை ஏழு மணிக்கு ஜிம்மில் கேபிள் இயந்திரத்துக்கு வரிசை நிற்கும் என்பதால், அதில் கம்பியைக் கீழே இழுக்கும் லாட் புல்டவுனை விட்டுவிட்டு, எங்கள் புளோக்கின் கீழுள்ள உடற்பயிற்சி மூலையின் கம்பியில் சின்-அப் எடுத்தேன். உள்ளங்கை முகத்தைப் பார்க்கும் பிடியில் சின்-அப், அதே நாளில் ஆசைக்கு, முழங்கையை மடக்கி எடை தூக்கும் கர்ல் என்று ஐந்து வாரம் போனதும் முழங்கையின் உட்பக்கம் வலிக்கத் தொடங்கியது. பக்கத்தில் கைகளை வீசி நடந்துகொண்டிருந்த ஒரு பெரியவர், “தம்பி, அந்தக் கைக்கு ஓய்வு கொடுங்க” என்றார். கர்லை நிறுத்தி, சின்-அப்புக்குப் பதில், குனிந்து டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுக்கும் ஒரு கை டம்பெல் ரோவை வைத்தேன். ஸ்பிளிட் ஸ்குவாட்டையும் பிளாங்க்கையும் தொடவில்லை. மூட்டு வலியோ, நன்றாக உண்டு உறங்கியும் மூன்று வாரம் நகராத எடையோ இல்லாவிட்டால், எட்டு வாரத்துக்கு முன் எதையும் மாற்றுவதில்லை.

வலி போய்விட்டது. ரோ இப்போது ஆறாவது வாரத்தில், 20 கிலோவில் 12, 12, 10 என்று நிற்கிறது, 22.5 கிலோ டம்பெல்லை எடுக்க இன்னும் இரண்டு முறை பாக்கி.