ஏற்காட்டு மாமாவும் ஓசி ஸ்கீ பூட்ஸும்

பிப்ரவரியில் ஆலி போகிறோம். உத்தராகண்டில் ஜோஷிமடத்துக்கு மேலே இருக்கும், பனி மூடிய மலைச்சரிவு அது. காலில் நீளப் பலகை மாட்டிக்கொண்டு பனியில் சறுக்கும் ஸ்கீ பயிற்சி அங்கே நடக்கிறது. அதில் சேர்வதென்று நானும் ஆபீஸ் நண்பன் ஒருவனும் முடிவு செய்ததிலிருந்து, "நாப்பது வயசுல காலை ஒடிச்சுக்கப் போறியா?" என்பதுதான் வீட்டில் தினசரி பாட்டு. ரயில், தங்குமிடம், பயிற்சிக் கட்டணம் எல்லாம் கூட்டிப் பார்த்தால் கையைக் கடிக்கிறது. இந்த நேரத்தில், கனடாவில் வேலை பார்த்தபோது போட்ட ஸ்கீ பூட்ஸ் பரணில் கிடக்கிறது என்று ஏற்காட்டு மாமா போனில் சொன்னால் எப்படி இருக்கும்? அடுத்த ஞாயிறே ஈரோட்டில் ரயில் ஏறிவிட்டேன்.

சேலம் ஜங்ஷன் வாசலில் ஒரு டாக்ஸிக்காரர் ஏற்காட்டுக்கு 2,000 ரூபாய் என்றார். முப்பது கிலோமீட்டர் சொச்சத்துக்கு! "மலை ஏறணும்ல சார்" என்று விளக்கம் வேறு. பஸ்ஸும் அதே மலையைத்தான் ஏறுகிறது. புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நின்றுகொண்டே கடந்தேன். கம்பியைப் பிடித்த கை இன்னும் வலிக்கிறது, ஆனால் மிச்சமான காசை நினைத்தால் வலி தெரியவில்லை.

மாமா வீட்டில் முதல் வேலையாக பூட்ஸை எடுக்கச் சொன்னேன். "இப்ப வேண்டாம் மாப்ள, சாயங்காலம் பாத்துக்கலாம்" என்றுவிட்டார். நாள் முழுக்க நடந்தால் பாதம் கொஞ்சம் வீங்கும், அந்த அளவுக்குத்தான் பூட்ஸ் பார்க்க வேண்டுமாம். சரி, நடப்போம் என்று லேடிஸ் சீட் வியூ பாயின்ட் பக்கம் போனேன். கீழே சேலம் முழுக்க ஒரே புகை மூட்டம். மேட்டூர் அணை தெரியும் என்பார்கள், எனக்குத் தெரியவில்லை. ஏரிக்கரையில் சாப்பிட்ட மிளகாய் பஜ்ஜி மட்டும் அருமை. எண்ணெயிலிருந்து எடுத்த கையோடு தாளில் வைத்துக் கொடுத்தார்கள். அந்தக் குளிருக்கு இரண்டாவது தட்டு கேட்காமல் யாரால் இருக்க முடியும்?

சாயங்காலம் திண்ணையில் ஆரம்பித்தது பாடம். பூட்ஸைத் தொடவே விடவில்லை. முதலில் சுவரில் குதிகாலை ஒட்டி நிற்கவைத்து, காலடியில் பேப்பர் விரித்து, நீளமான விரல் நுனியில் பென்சிலால் கோடு போட்டார். 26.4 சென்டிமீட்டர். ஸ்கீ பூட்ஸுக்கு எட்டு, ஒன்பது என்ற கடை சைஸ் கிடையாது. பாதத்தின் நீளம் எத்தனை சென்டிமீட்டரோ அதுதான் சைஸ், மொண்டோபாயின்ட் என்கிறார்கள். எனக்கு 26.5. மாமாவின் பூட்ஸில் 28.5 என்று அச்சடித்திருந்தது. அப்போதே எனக்கு உள்ளுக்குள் இறங்கிவிட்டது.

ஆனாலும் போட்டுப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, சோபாவில் காலை வைத்த மாதிரி இருந்தது! "இதுவே போதும் மாமா" என்றேன். "முழங்காலை முன்னால மடக்கு" என்றார். மடக்கினேன். உள்ளே குதிகால் தூக்கிக்கொண்டு வந்தது. குதிகால் தூக்கினால் ஸ்கீ பலகை நம் பேச்சைக் கேட்காது என்றார். அந்த ஆட்டத்தை அடக்க எல்லோரும் பக்கிளை இறுக்கித் தள்ளுவார்களாம், அப்புறம் பாதம் மரத்துப்போய் கணுக்காலுக்கு மேல் எலும்பு வலி உயிரை எடுக்குமாம். சரியான பூட்ஸில் நேராக நிற்கும்போது விரல் நுனி முன்னால் லேசாகத் தொடும், முழங்காலை மடக்கியதும் விலகிக்கொள்ளும். கடையில் போட்டதுமே சுகமாக இருந்தால் அது பெரிய சைஸ்தான் என்று அடித்துச் சொல்கிறார். நான் செருப்பு வாங்கும் முறைக்கு நேர் எதிர்.

அதோடு விட்டாரா? உள்ளே இருக்கும் மெத்தை லைனரை உருவி எடுத்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் என் காலை விடச் சொன்னார். கால்விரல் முன்னால் முட்டும்படி தள்ளி நின்றால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு கைவிரல் போக வேண்டும், மிஞ்சிப்போனால் இரண்டு. எனக்கு மூன்று விரல் போயும் இடம் இருந்தது. என் முன்பாதம் அகலம் வேறு. பூட்ஸ் அகலத்தை மில்லிமீட்டரில் சொல்வார்களாம், 98 என்றால் ஒடுக்கம், 102க்கு மேல் தாராளம். நான் தாராளத்தைத்தான் கேட்க வேண்டும். ஃப்ளெக்ஸ் என்று ஒரு எண்ணும் உண்டு, பூட்ஸ் எவ்வளவு விறைப்பு என்பதற்கு. புதிதாகக் கற்பவர்களுக்கு எண் குறைவாக இருப்பதே நல்லது, ஆனால் ஒரு கம்பெனியின் 80 இன்னொரு கம்பெனியின் 80 ஆகாது.

கடைசியில் மாமா டார்ச் அடித்து, கூட்டின் ஓரத்தில் முடி போல ஓடிய ஒரு வெடிப்பைக் காட்டினார். வருஷக்கணக்கில் சும்மா கிடந்த பிளாஸ்டிக், சரிவில் சறுக்கும்போது சட்டென்று உடையுமாம். ஆக, சைஸ் பொருந்தியிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார். பிறகு எதற்கு என்னை மலையேற்றினார் என்று கேட்டதற்கு அத்தைதான் சிரித்தார்: "உன்னைப் பாக்கணும்னாருப்பா."

புது பூட்ஸ் வாங்கும் பேச்சே இல்லை, விலையைப் பார்த்தாலே பாதி பயணம் போய்விடும். ஆலியில் வாடகைக்குத்தான். ஒன்றுக்கு இரண்டு ஜோடி போட்டுப் பார்க்காமல் கவுன்டரை விட்டு நகராதே, பேன்ட் நுனியை பூட்ஸுக்குள் திணிக்காதே, தடிமன் சாக்ஸ் இரண்டு போடாதே, மெல்லிசாக ஒன்று போதும் என்று பஸ் கிளம்பும் வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

சேலத்தில் இறங்கியதும் அஸ்தம்பட்டியில் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், கேரட் துருவல், வெங்காயம், காரச் சட்னி. ஏற்காட்டில் தின்ற எல்லாவற்றையும் விட இதுதான் மேல், விலையும் கம்மி. தின்றபடியே நண்பனுக்கு மெசேஜ் போட்டேன்: சுவரோரம் நின்று பாதத்தை அள, சென்டிமீட்டரில். "ஷூ சைஸ் ஒன்பது" என்று பதில் வந்திருக்கிறது.