அம்மாவின் பேச்சு பாட்டு வழியாகத் திரும்பியது

விடிகாலையில் அம்மாவை எழுப்பப் போனபோது வலது கை துவண்டு கிடந்தது, வாய் கோணியிருந்தது. "என்னம்மா செய்யுது?" என்றேன். "த... த..." என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். தூக்கத்தில் வந்த பக்கவாதம் எப்போது தொடங்கியது என்று யாருக்குத் தெரியும்? அந்த வாய்ப்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

எம்ஆர்ஐ படத்தில் டாக்டர் காட்டியது மூளையின் இடது பக்கம். வலது கைதானே விழுந்தது என்று குழம்பினேன். மூளையிலிருந்து இறங்கும் நரம்புகளில் பெரும்பாலானவை மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் பக்கம் மாறுவதால், உடம்பின் வலது பாதியை இடது மூளைதான் இயக்குகிறது என்றார். பெரும்பாலோருக்குப் பேச்சும் அந்தப் பக்கம்தான். 1861இல் பாரிஸில் பால் பிரோக்கா என்ற மருத்துவர், "டான்" என்று மட்டுமே சொல்ல முடிந்த ஒருவரின் மூளையை அவர் இறந்தபின் பார்த்து, இடது முன்மடலில் சேதமிருப்பதைக் கண்டாராம். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவின் "த... த..."வும் அதேதானே.

ஆனால் அம்மாவுக்குப் பேச்சைப் புரிந்துகொள்ளும் பகுதி பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. இதைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்கத்தான் படாத பாடு பட்டேன். பார்க்க வந்தவர்கள் காதருகே கத்தினார்கள். "பாவம், இனிமே ஒண்ணும் புரியாது" என்று அம்மா முன்னாலேயே ஒருவர் சொல்ல, அம்மாவின் கண்ணோரம் நீர் வழிந்தது. அன்று முதல், வருபவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுவேன்: மெதுவாகப் பேசுங்கள், ஆமாம், இல்லை என்று தலையாட்டுகிற மாதிரி கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள்.

பேச்சுப் பயிற்சி தினமும் நடந்தது. முதல் மாதம் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. அப்புறம் ஒருநாள் பயிற்சி தருபவர், அம்மாவுக்குத் தெரிந்த தாலாட்டு ஒன்றை என்னை முணுமுணுக்கச் சொன்னார். இரண்டாம் அடியில் அம்மா சேர்ந்துகொண்டார், சொற்களோடு! நான் பாடுவதை நிறுத்திவிட்டு அழுதேன்.

ராகத்தைப் பிடிப்பதில் வலது மூளைக்குப் பெரிய பங்குண்டு, அதன் துணையோடு பேச்சை வரவழைக்கப் பார்ப்போம் என்றார் அவர். "தண்ணி வேணும்" என்பதை இரண்டே சுரத்தில் இழுத்துப் பாடி, ஒவ்வோர் அசைக்கும் அம்மாவின் இடது கையால் மேசையில் தட்டவைத்தார். வீட்டில் நானும் காலையும் மாலையும் அரை மணி நேரம் அதையே செய்தேன். சில வாரங்களில் ராகம் தேய்ந்து, சொல் மட்டும் நின்றது.

இப்போது எட்டு மாதமாகிறது. "தண்ணி", "வலிக்குது", "போதும்" எல்லாம் தானாக வருகின்றன. என் பெயரைச் சொல்ல மட்டும் அம்மா இன்னும் இடது கையால் தட்டிக்கொள்கிறார்.